மூன்றில் நிறுத்திய திருகு

மரத்தடிகளின் மேல் பனி வியர்த்துக் கிடந்தது. சூரியன் இன்னும் எழவில்லை. ஏழுமலை குருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் தடியின் மேல் குனிந்தான். தடிக்கு அரை அங்குலம் மேலே, குருவியின் வட்டத் தட்டை அடியிலிருந்து நுனிவரை இழுத்துக்கொண்டே போனான். முதுகு வலித்தது. குருவி வாய் திறக்கவில்லை.

குருவி என்பது இரும்பு தேடும் கருவி. நீளக் கைப்பிடி, நுனியில் வட்டத் தட்டு, இடுப்பில் ஒரு பெட்டி. மரத்துக்குள் ஆணியோ கம்பியோ இருந்தால் கீச்சிடும். ஃபிஜித் தீவின் இந்த லோவு மர மில்லில் அதனால்தான் அந்தப் பெயர். கீச்சிட்டால் மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி, பிறகு கோடரியால் தோண்டி இரும்பை எடுக்க வேண்டும். சத்தமில்லை என்றால் சரிக்குறி. தடி நேராக ரம்பத்துக்குப் போகும்.

இரண்டு வாரமாகச் சரிக்குறி மட்டும்தான்.

காட்டு மரமாக இருந்தால் நம்பலாம். இவை வீட்டு மரங்கள். போன வருஷம் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தார்களே, அதற்குப் பிறகு இந்திய வம்சாவளியில் குத்தகை முடிந்தவர்களும் பயந்தவர்களும் கரும்புக் காணியை விட்டுவிட்டு ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் கிளம்பினார்கள். அவர்கள் முற்றத்தில் நின்ற மாமரத்தையும் தூங்குமூஞ்சி மரத்தையும் முதலாளி நரேந்திரா லாரி லாரியாக வெட்டி வந்து குவித்தார். ஏழுமலையும் காணி இழந்தவன்தான். அந்த மரங்களின் வயிற்றில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கொடிக்கம்பி, வேலி ஆணி, எருது கட்டிய வளையம். மரம் பருக்கப் பருக்க எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ஆரம்பத்தில் குருவி ஓயாமல் கத்தியது. அறுவை பாதியாகக் குறைந்தது. நரேந்திரா ஒரு காலையில் வந்தார். எவ்வளவு ஆழம் தேட வேண்டும் என்று வைக்கும் திருகு பெட்டியில் இருந்தது; அதை எட்டிலிருந்து மூன்றுக்கு இறக்கினார். மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினார்.

“பட்டைக்குக் கீழே இருக்கிறதைக் காட்டினா போதும். ஆழத்துல கிடக்கிறதை ரம்பம் பாத்துக்கும்.”

“ஆழத்துலதான் பாஸ் வளையம் இருக்கும்...”

“உன் மக ஆக்லாந்துலேர்ந்து ஸ்பான்சர் பண்ணியிருக்காளாமே. வேலைச் சான்று என்கிட்டதானே வாங்கணும்?”

ஏழுமலை அடுத்த தடிக்குப் போனான். யாரிடமும் சொல்லவில்லை. குறி மட்டும் போட்டான்.

முந்தாநாள் ரம்பம் பார்த்துக்கொண்டது. வட்ட ரம்பத்தின் பல் ஒன்று இரும்பில் மோதித் தெறித்து, ரம்பக்காரன் சதேந்திராவின் இடது கண்ணுக்குள் போனது. லவுத்தோக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அதற்காக மில் நிற்குமா? புதுப் பல் மாட்டியாயிற்று. புது ரம்பக்காரன் தேவேந்திரா கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

ஏழு மணிக்கு நரேந்திரா ஒரு காகிதத்தோடு முற்றத்துக்கு வந்தார்.

“ஏழுமலை, கையெழுத்துப் போடு. கவனக்குறைவா குறி போட்டேன்னு எழுதியிருக்கு. இன்னையோட வேலை முடிஞ்சுது. சான்று நல்லபடியா தர்றேன்.”

“போடலைன்னா?”

“போலீஸ்ல சொல்வேன். கேஸ் இருக்கிறவனுக்கு நியூசிலாந்து விசா கொடுக்குமா? யோசி. டீ குடிச்சுட்டு வர்றேன்.”

காகிதம் ஏழுமலையின் கையில் இருந்தது. தடி உருட்டும் சாக்கியூசா கடப்பாரையை ஊன்றி நின்று பார்த்தான். வைலேவு கிராமத்து பூர்வகுடி ஃபிஜிக்காரன். பேசுவது சுத்தமான ஃபிஜி இந்தி; ஏழுமலையை அண்ணன் என்ற பொருளில் ‘பையா’ என்றுதான் கூப்பிடுவான்.

“பையா, அந்தத் தடிக்குச் சரிக்குறி போட்டது நீதானே?”

“நான்தான்.”

“அடுத்த கண்ணு யாருது? என்னுதா, தேவேந்திராவுதா?”

பலகை அடுக்கிக்கொண்டிருந்த சுஷீலா நடந்து வந்தாள். சதேந்திராவின் மனைவி. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலை போய்விடக் கூடாதே என்று வந்திருந்தாள். மில்லில் பேச்செல்லாம் இந்திதான். ஆனால் கோயிலில் கற்றுக்கொண்ட தமிழில் அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, குருவி கத்தலையா? இல்ல, நீங்க சொல்லலையா?”

ஏழுமலை இடுப்புப் பெட்டியைக் கழற்றி, சற்றுமுன் தான் சரிக்குறி போட்ட தடியின் மேல் வைத்தான். நகத்தால் டேப்பைக் கிழித்தான். திருகை மூன்றிலிருந்து எட்டுக்கு ஏற்றினான். தட்டைத் தடியின் மேல், மரம் நின்றபோது எருதின் கழுத்து உயரம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் நீட்டினான்.

குருவி வீறிட்டது.

“முதலாளி இறக்கினார். எனக்குத் தெரியும். சான்றுக்காகப் பேசாம இருந்தேன்.”

“பேசாமயா இருந்தே?” தேவேந்திரா அவன் சட்டையைப் பிடித்தான். “இந்தத் தடியை இப்ப என் ரம்பத்துக்கு அனுப்ப இருந்தியா?”

சாக்கியூசா நடுவில் புகுந்து கையை விலக்கினான். “அவனை அப்புறம் அடி. முதல்ல இதைப் பாப்போம்.” கோடரியை எடுத்தான். பத்து வெட்டு. சிவந்த சிராய்கள் பறந்தன. நாலு அங்குல ஆழத்தில், துருவேறிக் கறுத்து, கைக்கடங்காத இரும்பு வளையம் கிடந்தது; நெம்பி வெளியே எடுத்தான்.

டீ குடித்துவிட்டு நரேந்திரா திரும்பினார். கூட்டத்தைப் பார்த்து முகம் சுருங்கியது.

“டேப்பை எடுக்க யார் சொன்னா?”

“சதேந்திராவோட கண்ணு,” என்றாள் சுஷீலா.

“சாக்கியூசா, நீ எதுக்கு இவங்க சண்டையில? இவங்க நாளைக்கே பிளேன் ஏறிடுவாங்க. நீ இங்கேதான் இருக்கணும்.”

“அதான் பாஸ். ரம்பத்துக்கிட்ட இருக்கப் போறது நான்தானே.”

“வாசல்ல பத்துப் பேர் வேலை கேட்டு நிக்கிறான்.”

“காணி போனவங்கதான். எருது கட்டின மரம் அவங்களுக்கும் தெரியும்,” என்றான் ஏழுமலை. கையெழுத்தில்லாத காகிதத்தைத் தடியின் மேல் வைத்து, பறக்காமல் வளையத்தை அதன்மேல் வைத்தான். “திருகு எட்டுலதான் இருக்கும் பாஸ். சதேந்திரா எப்படி அடிபட்டான்னு உள்ளபடி எழுதுங்க. நான் சும்மா இருந்ததையும் சேத்து எழுதுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடறேன்.”

“போலீஸைக் கூப்பிடறேன். தடியை மறிச்சது இன்னார்னு உன் பேரைத்தான் சொல்வேன்.” நரேந்திரா ஆபீஸுக்குள் போய்ப் போனை எடுப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

ஏழுமலை தடியிலிருந்த தன் சரிக்குறியை உள்ளங்கையால் அழித்தான். அதன்மேல் பெருக்கல் குறி போட்டான். சுஷீலா கையை நீட்டினாள். சாக்பீஸை ஒடித்து ஒரு துண்டு கொடுத்தான். சாக்கியூசா ஒரு துண்டு வாங்கினான். தேவேந்திரா முறைத்தபடியே வந்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டான். மிச்சத்தைப் பலகைக் கொட்டகைக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்துத் தடிகள் முழுக்க, உயரமாகவும் குட்டையாகவும் கோணலாகவும், மஞ்சள் பெருக்கல் குறிகள். எது யார் கையென்று எந்தப் போலீஸாலும் சொல்ல முடியாது.

ரம்பம் ஓடவில்லை. ஆக்லாந்து இனி என்னவாகும் என்று ஏழுமலைக்குத் தெரியாது. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் குருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த தடியின் மேல் குனிந்தான். குருவி கீச்சிட்டது. பின்னாலேயே சாக்கியூசா கோடரியோடு வந்தான்.