பத்தாம் நாள் காய்ச்சல்

...இன்னும் இரண்டு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது, நாக்குக்கடியில் தெர்மாமீட்டர், இன்றோடு பத்து நாள், நாளைக்கு இந்த அறையை விட்டு வெளியே போய்விடலாம், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் காலையும் மாலையும் காய்ச்சலைப் பார்த்து எழுதித் தர வேண்டுமென்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், பத்தொன்பது தடவை எழுதியாயிற்று, ஒருமுறைகூட ஏறவில்லை. சார்ஸாம், கொரோனா என்று ஒரு வைரஸாம், சாதாரணச் சளியிலும் அந்த வம்சத்து ஆள் உண்டாம், இது மட்டும் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம், பேப்பரில் படம் போட்டிருந்தான், உருண்டையைச் சுற்றிக் கிரீடம் மாதிரி முள், இருமினால் தெறிக்கிற எச்சில் போதுமாம்... விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எத்தனை முறை இருமினார்? அப்போது உத்தமன் எண்ணவில்லை. தினமும் மாடியேறி வந்து ‘ஊட்டா ஆய்த்தா சார்’ என்று கன்னடத்தில் சாப்பாடு விசாரிக்கிற வீட்டுக்காரர் கோவிந்தப்பா இப்போது கேட்டருகே நின்று கையை மட்டும் ஆட்டுகிறார், இந்த ஹெப்பகோடி ஊரே அவரோடு சேர்ந்து எட்டிப் போய்விட்டதா என்ன.

எடுத்துப் பார்த்தான். 99.6. உதறினால் இறங்கிவிடும், 98.4 என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்... ஆனால் கதவுக்கடியில் தினமும் விரலை நுழைக்கிறானே மகன் யுவன், இரண்டு வயது, நாளைக்குக் கழுத்தைக் கட்டிக்கொள்வானே. வெளியே தட்டு வைக்கிற சத்தம். சிந்துதான்.

"ஏங்க, எவ்ளோ இருக்கு? நாளைக்கு வெளிய வந்துடலாம்ல?"

"தொண்ணூத்தொம்பது ஆறு. காலையில டாக்டருக்குப் போன் பண்ணிடறேன்."

"சரி, ரசம் ஆறிடும், சாப்பிடுங்க. தனியா உக்கார்றது எனக்குத் தெரியாததா" என்றாள், கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அவள் தள்ளிப் போனதும் கதவைத் திறந்தான், தட்டு வாசலை ஒட்டி இருந்தது, குனிந்து கையால் வைத்திருக்கிறாள்... ஆரணி வீட்டில், கல்யாணமான புதிதில், வீட்டுக்குத் தூரமென்று மாதம் மூன்று நாள் அம்மா அவளைப் பின்கட்டில் உட்கார வைப்பாள், தனிப் பாய், தனித் தம்ளர், அவளுக்குச் சோறு கொண்டுபோனது அவன்தான், வாசற்படிக்கு இப்பால் நின்று தட்டைத் தள்ளிவிடுவான். கையாலா, காலாலா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு நினைவிருக்கும்.