வேலி தாண்டிய ஜூனிப்பர்

போலந்தின் மஸூரிய ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி தோட்டங்களை மூடியிருந்தது. கணவர் இறந்த வருடம் போகுமிலா நட்ட ஜூனிப்பர் செடி, தரையோடு படர்ந்து வேலிக்கடியில் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்திருந்ததை அன்றுதான் பார்த்தாள். கத்தரியோடு போய், அங்கே நின்ற பக்கத்து வீட்டுக்காரர் லெசெக்கிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"என் செடி உங்க இடத்துக்கு வந்துடுச்சு. வெட்டிடறேன்."

"வேணாங்க. ரெண்டு மூணு கோடையா நான்தான் தண்ணி ஊத்தறேன். இங்கயே வேர் விட்டுடுச்சு."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா வெட்டிடுவீங்களே."

குனிந்து கிளையைத் தொட்டாள். நீலம் பாரித்த ஊசியிலைகளில் பனித்துளிகள் நின்றன. பிசின் மணம் விரல்களில் ஒட்டியது. மூடுபனியின் வெண்மையில் எது தன் தோட்டம், எது அவருடையது என்றே தெரியவில்லை.

"கசகசா கேக் இருக்கு. உள்ள வாங்களேன்" என்றார்.

வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. போனாள்.