சூப்பர்வைசர்

திங்கட்கிழமை காலை, குளியலறை வாளித் தண்ணீருக்குள் ஒரு மேல்வரிசைப் பல்செட் கிடந்தது. முந்தின நாள் மாலை வரை நான் உட்கார்ந்து, மெழுகு ஈறில் பதினான்கு பற்களையும் ஒவ்வொன்றாகப் பதித்து, நேர் பார்த்து, மேசையில் துணி போட்டு மூடி வைத்திருந்தது. வாளியின் விளிம்பில் பூனை உட்கார்ந்திருந்தது. முன்காலைத் தண்ணீருக்குள் விட்டுப் பல்செட்டைத் தட்டுவதும், அது அசைந்து திரும்புவதைத் தலையைச் சாய்த்துப் பார்ப்பதுமாக இருந்தது. என்னைக் கண்டு ஓடவில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் தட்டியது.

அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தவன் என் தம்பி. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் கட்டுகிற வேலை அவனுக்கு. காலி செய்கிற வீடுகளில் மனிதர்கள் விட்டுப்போகிற எதையும் அங்கேயே விட்டுவர அவனுக்கு மனம் வராது. குடை இல்லாத விளக்கு, ஒரு பெடல் மட்டும் உள்ள உடற்பயிற்சி சைக்கிள், யாரோ ஒருவருடைய நீச்சல் பதக்கம் எல்லாம் அவன் வழியாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை. மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு கூண்டோடு வந்தான். வெளிநாடு போகிற ஒரு குடும்பத்தின் பூனையாம். "பத்தே நாள்க்கா. ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்றான். அவன் அறையில் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். பத்து நாளும் போயிற்று, ஆளும் வரவில்லை, அவர்களுடைய எண்ணும் வேலை செய்யவில்லை.

கூண்டோடு வந்த தடுப்பூசி அட்டையில் பெங்கால் என்று எழுதியிருந்தது. காட்டில் திரியும் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் சேர்த்து, சில தலைமுறை தள்ளி உண்டாக்கிய இனம் என்று தம்பி படித்துக் காட்டினான். பொன்னிற முதுகில் கருவளையங்கள், வயிற்றில்கூடப் புள்ளி, கன்னத்தில் மை இழுத்ததுபோல் இரண்டு கோடுகள். கூண்டைத் திறந்ததும் ஒவ்வோர் அறையாகப் போய், திறக்க முடிந்த அலமாரிகளையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் பீரோ உச்சியில் ஏறி அங்கிருந்து எங்களைப் பார்த்தது. "சூப்பர்வைசர் வந்துட்டார், எல்லாரும் ஒழுங்கா வேலை பாருங்க" என்றான் தம்பி. எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான்.

பல் வைத்தியர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது என் தொழில். ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு விளக்கு, மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு. தாடையின் அச்சும் ஒரு சீட்டும் வரும். சீட்டில் வயது, பல்லின் நிறம், தேதி மட்டும் இருக்கும். பதினோரு வருடமாக நான் செய்த பற்களை எந்த வாயிலும் பார்த்ததில்லை. அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை. சத்தமில்லாத வேலை, சத்தமில்லாத வீடு. அதற்குள் இது வந்து திரைச்சீலையில் ஏறியது, குழாயைத் திறந்தது, கதவின் கைப்பிடியில் எம்பித் தொங்கிப் பூட்டாத கதவையெல்லாம் திறந்தது. கரடிபோல ஒரு குரலில் கத்தியது. எதற்குக் கத்துகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, ஈரக் கையோடு தம்பிக்குப் போன் செய்தேன். "சனிக்கிழமைக்குள்ள இது இந்த வீட்ல இருக்கக் கூடாது. ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன். எந்தக் காரியத்தையும் ஆறப் போட்டுச் செய்கிறவன், மாலையே திரும்பக் கூப்பிட்டான். ஒரு நீச்சல் பயிற்சியாளர் அம்மா, போன வருடம் அவன் வீடு மாற்றிக் கொடுத்தவர், இதே இனத்தில் ஒன்றை ஏற்கெனவே வளர்க்கிறாராம். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வாராம். "நீ ஒரு தடவை சொன்னா சொன்னதுதானேக்கா, அதான் அலைஞ்சு புடிச்சேன்" என்றான். அதில் பெருமை இருந்தது. எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி எல்லாரும் சொல்வது அது ஒன்றுதான்.

பல்செட் அன்று நான்கு மணிக்குப் போயாக வேண்டும். மெழுகில் பதிந்திருந்த பூனையின் பல் தடங்களைச் சூடான கரண்டியால் தடவி மறைத்தேன். ஆடிய இரண்டு பற்களை இறுக்கினேன். நேர் பார்க்க நேரமில்லை. அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து, எப்படியும் போகப்போகிறது என்பதால், அதைத் திட்டுவதை நிறுத்தினேன். திட்டு நின்றதும் பார்க்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். படுக்கையறை ஜன்னல், ஃபிரிட்ஜ், பீரோ, என் மேசை, மறுபடி ஜன்னல். அந்த நாலு இடங்களுக்குள் ஒரே பாதையில் அது நடந்துகொண்டே இருந்தது. அதைச் சேட்டை என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை வேலையை ஒதுக்கிவிட்டு அதன் பின்னாலேயே நடந்து பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளியில் மூக்கை வைத்து நின்றது. நானும் குனிந்து மூக்கை வைத்தேன். ஈர சிமெண்டு, யாருடைய வீட்டுச் சோப்போ, பெட்ரோல், பச்சை இலை. அவ்வளவும் அந்த இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அந்த மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவளுக்கு மெழுகு வாசனை மட்டுமே தெரிந்திருந்தது.

அன்று மாலை மேசைக்கடியில் ஒளிந்திருந்து என் வலது காலின் மேல் பாய்ந்தது. முதல் தடவையல்ல. நான் குனிந்து பார்த்தது முதல் தடவை. தரைவிரிப்பில், என் கால் இருக்கும் இடத்தில் மட்டும், கையகலத்துக்கு நிறம் தேய்ந்து வெளுத்திருந்தது. அப்படியானால் இத்தனை வருடமும் என் கால் ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மேலே கை அசையாமல் பல் நேர் பார்க்க, கீழே கால் எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. எலியைப் பார்ப்பதுபோல அது என் காலைப் பார்த்ததில் தவறே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எழுந்து ஒரு நூலில் மெழுகு உருண்டையைக் கட்டி வீசினேன். அது சுவரில் காலை ஊன்றி என் தலைக்கு மேல் எழும்பிப் பிடித்தது. மறுபடி வீசினேன். மூச்சு வாங்கும்வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை. முடிந்ததும் அது தரையில் நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டது. கோரைப்பற்கள் நான்கும் முழுசாகத் தெரிந்தன. என் முன்னால் அவ்வளவு பெரிதாகத் திறந்த வாய் அதுதான் முதல்.

வியாழக்கிழமை பல் டாக்டர் கூப்பிட்டார். திங்கட்கிழமை அனுப்பிய செட்டில் வலது பக்கம் இரண்டாவது பல் இலேசாகத் திரும்பியிருக்கிறது, வேண்டுமென்றே வைத்தீர்களா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிக்கொண்டு போனார். அதை வாயில் வைத்துப் பார்க்க வந்த அம்மாள் கண்ணாடியை வாங்கிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாராம். பல் விழுவதற்கு முன்னால் அவருக்கு அந்தப் பல் அப்படித்தான் இருந்ததாம். நேராக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"இவ்வளவு நாள் நீங்க பண்ணினதெல்லாம் அழகா இருந்துதும்மா. இதுலதான் உசிர் இருக்கு" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றேன். பூனையின் வேலை என்று சொல்லவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உட்காரவே முடியவில்லை. பதினோரு வருடத்துப் பற்களும் வரிசை வரிசையாக, ஒரு பிசகும் இல்லாமல், ஊரெல்லாம் யார் யார் வாயிலோ நேராக இருந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடந்தேன். அது எனக்கு முன்னால் நடந்தது. மூன்று முறை போனை எடுத்துத் தம்பியின் எண்ணைக் கொண்டுவந்து, மூன்று முறையும் வைத்துவிட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்று இரண்டே சொல். அது எனக்கு வராது. என் கல்யாணம் ஒன்றரை வருடம் நீடித்தது. ஒரு மத்தியானம், ஏதோ ஒரு சின்னப் பேச்சில், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே தெரிந்தது, போக விருப்பமில்லை என்று. ஆனால் சொல்லியாகிவிட்டது. பெட்டியை மெதுவாகத்தான் அடுக்கினேன். செருப்பைத் தேடுவதுபோல வாசலில் வெகுநேரம் நின்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். எல்லாரும் என் சொல்லுக்கு எப்போதுமே மரியாதை கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பத்துக்குத் தம்பியும் அந்தப் பயிற்சியாளர் அம்மாவும் வந்தார்கள். அகன்ற தோளும் ஒட்ட வெட்டிய முடியுமாக இருந்தார். ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, தரையில் உட்கார்ந்து, பூனையைக் கூப்பிடாமல் சும்மா இருந்தார். அது பீரோவிலிருந்து இறங்கி வந்து அவருடைய முழங்காலை முகர்ந்தது.

என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், எதற்குப் பயப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லத் தொடங்கினேன். நிற்கிற தண்ணீரைக் குடிக்காது, குழாயிலிருந்து ஒழுக வேண்டும். மிக்ஸி சத்தத்துக்குப் பயமில்லை, பிளாஸ்டிக் பை உதறினால் பயம். மத்தியானம் மூன்று மணிக்குக் கத்தினால் பசி இல்லை, கூட வந்து நடக்கச் சொல்கிறது. வாலை நுனியில் மட்டும் ஆட்டினால் பாயப்போகிறது, அப்போது காலை இழுத்துக்கொள்ளக் கூடாது, அப்படியே வைத்திருந்தால் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் நான் பேசி அவன் கேட்டதில்லை.

பயிற்சியாளர் அம்மா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உங்களுக்குக் குடுக்க மனசு இருக்கா?" என்றார்.

"எனக்கென்ன" என்றேன்.

"அக்கா சொன்னா சொன்னதுதாங்க" என்றான் தம்பி.

கூண்டின் கதவை அவன்தான் சாத்தினான். மூன்று மாடியும் அது கத்திக்கொண்டே இறங்கியது. தடுப்பூசி அட்டை கொடுக்க மறந்துவிட்டேன் என்று நானும் இறங்கினேன். அட்டை முன்பே அவன் சட்டைப்பையில் இருந்தது. தெருவில் வெயில். அந்த அம்மா வண்டியை எடுக்க, தம்பி கூண்டைப் பின்சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறினான். உள்ளே அந்தக் கரடிக் குரல் கூடிக்கொண்டே போனது.

"மடியில வெச்சுக்கிட்டாதான் சத்தம் போடாது" என்றேன். அதை நான் ஒருநாளும் வண்டியில் கொண்டுபோனதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று இருவரில் ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி, கூண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மேலே வேலைக் கவுன், விரல் இடுக்கெல்லாம் அச்சு வார்க்கிற மாவு காய்ந்து, காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. வீட்டைப் பூட்டினேனா என்று நினைவில்லை. வண்டி நகர்ந்தது.

தெருமுனை வந்தது, பிறகு எனக்குப் பெயர் தெரியாத தெருக்கள். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான், ஏதோ கேட்க வந்து, அந்த அம்மா மெயின் ரோட்டுக்கு வலது பக்கமா என்று கேட்டதற்கு ஆமாம் என்றான். கூண்டுக்குள் கத்தல் நிற்கவில்லை. கம்பி இடுக்கு வழியாக ஒரு முன்கால் மட்டும் வெளியே வந்து துழாவி, என் கவுனின் கையைக் கண்டுபிடித்து, நகத்தை மாட்டிக்கொண்டது. இழுத்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு நூல் பிரிந்து நீளமாக வந்தது. நான் கையை எடுக்கவில்லை. முன்னால் விளக்கு பச்சைக்கு மாறியது.