நன்றி சொன்னால் திறக்கும் டப்பா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. சாப்பிட உட்காரும்போது பிள்ளைகள் இருவரும் தங்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும், அன்றைக்குக் கிடைத்த ஏதாவது நல்லதுக்கு ஆளுக்கொரு நன்றி. சொன்னால்தான் டப்பா திறக்கும். நான்கு வருடமாக இதுதான் சட்டம். சட்டம் போட்டவள் நான்.

நான் பல் டாக்டர், என் கணவர் கட்டட இன்ஜினியர். வேண்டியதெல்லாம் கேட்கும் முன்பே வாசலில் வந்து இறங்குகிற வீடு. இப்படி வளர்கிற பிள்ளைகள் தறுதலையாகிவிடக் கூடாதே, நாளைக்கு ஓர் இடி விழுந்தால் தாங்க வேண்டுமே என்று எனக்கு ஓயாத பயம். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இந்த டப்பா மகாத்மியத்தை மைக் பிடித்துப் பேசிக் கைதட்டல் வேறு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை, என் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியானது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வியாழன் சாயங்காலம் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். பிள்ளைகளிடம் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டிருந்த என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விஷயத்தை நானே போட்டு உடைத்தேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மயக்க ஊசி போடும்போது நினைத்துக்கொள்ள, இவர்கள் வாயிலிருந்து தானாக வரும் ஒரு வார்த்தை. "அய்யோ அம்மா" என்றால்கூடப் போதும்.

மகளுக்குப் பதினைந்து வயது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சீக்கிரமே கண்டுபிடிச்ச டாக்டருக்கு நன்றி."

மகன் அவளைவிட மூன்று வயது சின்னவன். "எனக்கும் அதேதான். நல்ல ஆஸ்பத்திரி கிடைச்சதுக்கும் சேர்த்து நன்றி," என்றான். என்றைக்கும் இல்லாத தாராளம்.

இருவர் கண்ணும் டப்பா மேல்தான் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நன்றியெல்லாம் இன்னிக்கு வேண்டாம். வேற ஏதாவது சொல்லுங்க."

"விடேன், குழந்தைங்கதானே," என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க."

மகன் முகம் வெளிறிவிட்டது. அக்காவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்துவிட்டதுபோல முழித்தான். துடுக்குத்தனம் துளியும் இல்லை. பாவம், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"வேற என்னம்மா சொல்லணும்? நீயே சொல்லு, அப்படியே சொல்றேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் இவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சொல்லிக்கொடுத்ததைச் சுத்தமாகப் படித்துவைத்திருக்கிற பிள்ளை.

"'பயமா இருக்கும்மா'ன்னு சொல்லு," என்றேன்.

"பயமா இருக்கும்மா," என்றான், ஓர் எழுத்துப் பிசகாமல்.

டப்பாவைத் திறந்தேன்.