பட்டப்பகல் வெள்ளி

1

பட்டப்பகல் பதினொரு மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில், கொல்லைப்புறத்துத் துணிக்கொடிக்கு நாலு விரற்கடை மேலே, ஒருவர் வெள்ளிக் கோளைப் படம் பிடித்தார். சிரிக்காதீர்கள். இந்தக் கதை பிறந்ததே அப்படி ஒரு சிரிப்பில்தான்.

(அடக்கத்துக்காக "ஒருவர்" என்று எழுதினேன். எட்டிப் பார்த்த மனைவி, "ஒருவராம் ஒருவர்! யாருன்னு தெருவுக்கே தெரியாதா?" என்கிறாள். தெரியட்டும். கதையில் அவர் "அவர்"தான். என்னைவிட அவருக்குத் தலைமுடி கொஞ்சம் அதிகம்.)

2

"பிரபஞ்சத்தின் எல்லையற்ற பெருவெளியில்…" என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். கொல்லையே பத்தடிக்குப் பன்னிரண்டு. அதில் தொலைநோக்கி நின்றால் போர்வை காயப்போட இடமில்லை.

"அந்தப் படம் நிஜம்னு எங்கண்ணன் சொன்னா இது இங்கயே நிக்கட்டும். இல்லேன்னா பரணுக்குப் போகுது," என்றாள் அவர் மனைவி.

அண்ணன், அதாவது அவருடைய மச்சான், எடைக்கல் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கடைக்குப் போனால் இன்றைக்கும் காய்கறியை விட்டுவிட்டுத் தராசைத்தான் பார்ப்பார். (இப்படி ஒரு பாத்திரமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் ஆள் இப்போது கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். என்ன செய்ய?)

3

மச்சான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இது பிறை நிலா."

"வெள்ளியும் பிறையாத் தெரியும் மச்சான். மூவாயிரம் படம் எடுத்து, தெளிவான முந்நூறை ஒரே படமா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினேன்."

"அடுக்கினீங்களா? நீங்க பொய் அடுக்காத நாள் ஏது!"

அந்த ஒரு சொல்லில் அவர் வசமாக மாட்டிக்கொண்டார். போன மாதம்தான், குவியம் தப்பி நடுவில் ஓட்டையோடு விழுந்த சாதாரண நட்சத்திரம் ஒன்றை "வளைய நெபுலா" என்று தெரு முழுக்கக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

4

மறுநாள் பகலிலேயே நேரடி விசாரணை. தப்பித்தவறியும் சூரியன் குழாய்க்குள் எட்டிப் பார்க்காதபடி தொலைநோக்கியைச் சுவர் நிழலில் நிறுத்தி, அவர் வெள்ளியைப் பிடித்துக் கொடுத்தார். மச்சான் கண்ணை வைத்தார்.

"நீலம். வெறும் நீலம்."

முடிவு ஒன்று: மேகம் வந்து மானத்தைக் காப்பாற்றியது. முடிவு இரண்டு: வெள்ளியே இறங்கிவந்து மச்சானின் காதைத் திருகி… வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.

ஈரப் போர்வையோடு வந்த மனைவி நின்றாள். அவள் கண்களில் அப்போது ஒரு… (இல்லை, முகத்தைப் போர்வை மறைத்திருந்தது.)

"அண்ணே, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தா எப்படித் தெரியும்? பக்கத்துல இருக்கற திருகைத் திருப்புங்க."

"ஏம்மா, நீ யாரு கட்சி?"

"கண்ணு தெரியாம சொன்ன தீர்ப்பு எனக்கு வேணாம்."

மச்சான் திருகினார். கை நின்றது.

"பிறை… அப்ப நிலாதான்!"

"இன்னிக்குப் பௌர்ணமி மச்சான். நிலா சாயங்காலம்தான் வரும், அதுவும் முழுசா."

மச்சான் நிமிரவேயில்லை. (ஒரு மணி நேரம் நிமிரவில்லை என்று எழுதியிருந்தேன். நாலு நிமிடம் என்று திருத்தச் சொல்கிறார்.)

5

முடிவை நான் எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. பேனாவை மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

"மேற்படி வெள்ளி, பகல் பதினொன்று இருபதுக்கு என்னால் நேரில் பார்க்கப்பட்டது. பிறை வடிவம். நல்ல வெயில். மாப்பிள்ளை எடுத்த படம் நிஜம். இதை முழு நினைவோடும் மிகுந்த வருத்தத்தோடும் எழுதித் தருகிறேன்."