அள்ளிப் போட்ட மண்

கேதீஸ்வரிக்கும் ரதீசுக்கும் கலியாணம் நடந்தபோது தேற்றாத்தீவில் பந்தலுக்குள் இருந்தவர்கள் பேசியதெல்லாம் அவர்களுடைய பல்லைப் பற்றித்தான். இரண்டு பேருக்கும் மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவே ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி. கேதீஸ்வரியின் அப்பா கதிர்காமத்தம்பிக்கு அது இருந்தது. அவருடைய தங்கை புஸ்பத்துக்கும் இருந்தது. அண்ணன் மகள் கேதீஸ்வரி, தங்கை மகன் ரதீஸ், முறை பிசகாத கலியாணம். பல் எந்த வழியாக வந்து இரண்டு பேரிடமும் சேர்ந்தது என்று பந்தலில் சோறு தின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பல்லோடு கூட வேறென்ன வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் இருந்தது. மட்டக்களப்பில் குடி என்னும் வம்சம் தாய்வழியில் வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ரதீஸ் தன் தாய் புஸ்பத்தின் குடி, கேதீஸ்வரி தன் தாயின் குடி. குடி வேறென்றால் இரத்தமும் வேறு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கோயிலில் திருவிழாப் பங்கு பிரிக்க, சம்பந்தம் பேச, அந்தக் கணக்கு நன்றாகவே உதவியது. இரத்தத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது, அதுதான் பிசகு.

மகள் வினோஜாவுக்கு இன்னும் பேச்சுத் திருந்தாத வயதில் கடல் சுனாமியாக ஊருக்குள் வந்தது. கேதீஸ்வரியின் அப்பாவையும் அம்மாவையும் வீட்டோடு கொண்டு போனது. மிஞ்சியவர்கள் உன்னிச்சையில் சித்தப்பா இளையதம்பியின் வளவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கதிர்காமத்தம்பிக்கும் புஸ்பத்துக்கும் தம்பி, குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். புஸ்பமும் கூடவே போனாள். ரதீஸ் வயல் வட்டையில் இறங்கி மாடாக உழைத்தான்.

பிள்ளை மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது. அலையில் பயந்த பிள்ளை என்று நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதினார்கள். கடைசியில் ஊருக்கு வந்த வைத்தியக் குழுவிலிருந்த ஒரு டொக்டர் அம்மா பிள்ளையின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, அன்றே டவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். தலசீமியா என்று அங்கே பெயர் சொன்னார்கள். மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு மாதமும் தவறக் கூடாது.

அந்த டொக்டர் அம்மாவே ஆஸ்பத்திரியில் வைத்துக் கேதீஸ்வரிக்கு விளங்கப்படுத்தினார். "இந்த வருத்தம் ஒருத்தரால வாறதில்ல அம்மா. உங்களிட்டப் பாதி இருக்கும், அவரிட்டப் பாதி இருக்கும். பாதி வெச்சிருக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது, நல்லாத்தான் இருப்பார். ரெண்டு பாதியும் ஒரு புள்ளையில போய்ச் சேந்தாத்தான் இப்பிடி. அடுத்த புள்ளைக்கும் நாலில ஒரு பங்கு பயம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாருங்க."

கேதீஸ்வரி அங்கேயே கையை நீட்டினாள். ரதீஸ் நீட்டவில்லை.

"நான் ஆனை மாதிரி இருக்கிறன். எனக்கென்னத்துக்கு ஊசி?" என்றான்.

கேதீஸ்வரியிடம் பாதி இருப்பதாக முடிவு வந்தது. அத்தோடு வழக்குத் தீர்ந்துவிட்டது. "பாத்தியா, சோதிச்சாங்க, அவளிட்ட இருந்திச்சு. என்ட மகனிட்ட ஒண்டுமில்ல. இது அவள்ர தாய்ர குடிச் சீக்கு" என்று புஸ்பம் உன்னிச்சை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். சோதிக்காததால் இல்லாமற்போன நோயை உலகத்தில் அந்த வீட்டில்தான் கண்டுபிடித்தார்கள். எதிர்த்துப் பேசக் கேதீஸ்வரியின் தாய் உயிரோடு இல்லை. "இது எங்கட அப்பாட பக்கத்தாலதான் வந்திருக்கும் மாமி, நீங்களும் அவரும் ஒரு வயித்துல பிறந்தவங்க" என்று அவள் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். "பறையாம இரு" என்றாள் புஸ்பம்.

அவள் பேசாமல்தான் இருந்தாள். மாதா மாதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இறங்கி, ஏறி, டவுணுக்குப் போய்வந்தாள். விடிந்ததும் முதல் வேலை பிள்ளையின் இமையை இழுத்துப் பார்ப்பது. உள்ளே சிவப்பு இருந்தால் அன்றைக்குச் சமையல், துவையல் எல்லாம் ஓடும். வெளிறத் தொடங்கினால் கை கால் ஓடாது. இரத்தம் ஏறிய கையோடு வினோஜா ஆஸ்பத்திரி வாசலில் ஐஸ்பழம் கேட்பாள், வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழில் சண்டை உன்னிச்சைக்கு வந்தது. ஷெல் விழத் தொடங்கிய நாளிலிருந்து பாதை பூட்டு. பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய நாள் வந்தது, தாண்டிப் போனது. சனம் முழுவதும் பெட்டியும் பாயுமாக வெளிக்கிட்ட அன்று ரதீஸ் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் கெட்டவனில்லை, மகள்மேல் உயிரையே வைத்திருந்தான். அதனால்தானே அவன்மேல் இன்றைக்கும் கோபம் வருகிறது. சாவடிக்கு முன்னால் சனம் மலைபோலக் குவிந்து கிடந்தது. வெயிலில் ஒரு மரத்தடி பிடித்து இருந்தார்கள். கேதீஸ்வரி வரிசையில் நிற்கிறவர்களையெல்லாம் கும்பிட்டு முன்னால் விடச் சொல்லிக் கேட்டாள். எல்லோரிடமும் ஒரு நோயாளி, ஒரு காயக்காரர் இருந்தார்கள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்கா போறம்?" என்று வினோஜா கேட்டாள்.

"ஓம் கிளி."

"ஐஸ்பழம் வாங்கித் தருவியா?"

"ரெண்டு வாங்கித் தாறன்."

மத்தியானத்துக்கு முன்பே பிள்ளை அடங்கிவிட்டது. கேதீஸ்வரி அப்போதும் இமையை இழுத்துப் பார்த்தாள். இளநீர் வழுக்கை போல வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ரதீசோடு சேர்ந்து வாழவில்லை. அகதி முகாமில் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழே கிடந்தும் அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே நாட்களை ஓட்டினான். தேற்றாத்தீவில் கடலில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய ஒரு கல்வீடு அவளுக்குக் கிடைத்தது. அவள் வந்தாள், அவன் வரவில்லை. உன்னிச்சைச் சனம் திரும்பிப் போனபோது அவனும் தாயோடு அங்கேயே போய்விட்டான். வரும் தையில் அவனுக்கு மறுகலியாணம் என்று கேள்விப்பட்டாள். பெண் இளையதம்பி சித்தப்பாவின் மகள் யசோதினி. கேதீஸ்வரிக்குத் தங்கை முறை, ரதீசுக்கு மச்சாள் முறை. "இந்த முறை நல்ல குடியில எடுக்கிறம்" என்று புஸ்பம் சொல்கிறாளாம்.

கேதீஸ்வரி அடுத்த பஸ்ஸில் உன்னிச்சைக்குப் போனாள்.

முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். யசோதினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, என்ன பேசுவதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள். முன்பற்களுக்கு நடுவே அதே இடைவெளி. எத்தனையோ வருடம் பார்த்த பல்தான், ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்ததும் கேதீஸ்வரி தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, நான் சண்டைக்கு வரல்ல" என்றாள். "மச்சான் எனக்கு வேணாம், நீங்களே வெச்சிக்கங்க. கலியாணத்துக்கு முதல் இவங்க ரெண்டு பேரும் ஒருக்கா இரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாக்கட்டும். அவ்வளவுதான் கேக்கிறன்."

இளையதம்பி தன் அக்கா பக்கம் திரும்பினார். புஸ்பம்தான் வாயைத் திறந்தாள். "எரிச்சல்ல வந்து நிக்கிறா. தான் கெட்டது போதாதெண்டு மத்தவளையும் வாழ விடமாட்டாவாம்."

"உன்னைச் சோதிச்சாங்க, உனக்கு இருந்திச்சு" என்றான் ரதீஸ். "எனக்கு எங்க கிடக்கு?"

"நீங்க கையை நீட்டல்லயே மச்சான்."

"புள்ளையைத் திண்டவள், எங்கட வாசல்ல வந்து நிண்டு கதைக்கிறா" என்றாள் புஸ்பம்.

பொய் சொல்வானேன், கேதீஸ்வரிக்கு எரிச்சலும் இருந்தது. ரதீஸ் வேண்டாமென்று வாய்தான் சொன்னது. 'புள்ளையைத் திண்டவள்' என்ற சொல் காதில் விழுந்ததும் பொறுமையெல்லாம் போய்விட்டது. குனிந்து முற்றத்து மண்ணை இரு கையாலும் அள்ளினாள். "என்ட புள்ளைக்கு வந்தது உங்கட புள்ளைக்கும் வரும். இமையைப் பாத்து அழுவீங்க" என்று வாசலை நோக்கித் தூற்றினாள். மண் யசோதினியின் முடியிலும் விழுந்தது.

அந்த நிமிடத்தோடு அவள் சொல்லவந்த உண்மை செத்துப்போனது. பஸ்ஸுக்குள் ஏறும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. எச்சரிக்கையாக வந்ததைச் சாபமாக்கிவிட்டு வந்திருக்கிறாள், இனி அவள் சொல்லை யார் கேட்கப் போகிறார்கள். நாலில் ஒரு பங்குதானே, மற்ற மூன்று பங்கில் ஒன்று விழட்டும் என்று அன்றிலிருந்து கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு திரிந்தாள். தான் தோற்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் அந்தக் கரையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ரதீசும் யசோதினியும் அவளைத் தேடி வந்தது இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், சண்டை முடிந்துவிட்டதாக றேடியோ சொன்ன மறுநாள். பெரிய றோட்டில் லொறிகள் கொடி கட்டிக்கொண்டு போயின. பட்டாசு வெடித்தது. சனம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. கேதீஸ்வரியின் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரதீஸ் இறங்கவில்லை. பின்னாலிருந்து இறங்கிய யசோதினியின் தோளில் பல் முளைக்காத ஒரு ஆண்பிள்ளை துவண்டு கிடந்தது. அவள் மறுகையில் ஒரு துணி முடிச்சு.

"அக்கா, எங்கட முத்தத்து மண்" என்று முடிச்சை நீட்டினாள். "நீங்க அள்ளிப் போட்ட இடத்தில எடுத்தது. உங்கட கையாலயே இதைக் கடலில போட்டு, சொன்னதைத் திருப்பி எடுங்க அக்கா. புள்ள பாலும் குடிக்குதில்ல."

றோட்டில் சரவெடி ஒன்று வெடித்தது. பிள்ளை திடுக்கிடவில்லை. கேதீஸ்வரி பிள்ளையை வாங்கினாள். கை தானாகக் கீழிமைக்குப் போனது.

வெள்ளை.

ஒரு கணம், 'நான் சொன்னேனா இல்லையா' என்று நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அடுத்த கணம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இது சாபமாகவே இருந்துவிடக் கூடாதா என்று அவள் ஏங்கினாள். சாபமென்றால் கொடுத்தவளே எடுத்துவிடலாம். இதைக் கொடுத்தவர்கள் கொடுத்தது தெரியாமலே கொடுத்திருக்கிறார்கள், எடுக்க ஒருவராலும் முடியாது.

"யசோ, இது மண்ணால வந்ததில்ல. ஆஸ்பத்திரிக்கு..."

"ஆஸ்பத்திரி வேணாம் அக்கா. முதல்ல மண்ணைப் போடுங்க. போடாம வீட்ட கிறுகி வரக் கூடாதெண்டு மாமி சொன்னவ." யசோதினி அழுதுகொண்டே காலில் விழுந்தாள். ரதீஸ் படலைக்கு வெளியே கைபிடியைப் பிடித்தபடி இங்கே பார்க்காமல் இருந்தான்.

இன்னொரு தடவை உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று கேதீஸ்வரிக்கு விளங்கியது. விளங்கப்படுத்த நாளில்லை. அந்த இமையில் அவ்வளவு நாள் மிச்சமில்லை.

"சரி ஒழும்பு, எடுக்கிறன்" என்றாள். "ஆனா மண் போட்டது இரத்தத்தில. இரத்தத்தாலதான் எடுக்கணும். நான் இதைக் கடலில போடுறன். அதுக்கு மறுகா இண்டைக்கே தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில போய்க் கையை நீட்டிக் கொஞ்சம் இரத்தம் குடுக்கணும். புள்ளைக்கும் அவங்க ஏத்திற இரத்தத்தை மாதா மாதம் ஏத்தணும். ஒரு மாதம் தவறினாலும் சாபம் திரும்பி வந்திரும்."

வாயிலிருந்து வந்த பொய் அவளுக்கே புதிதாக இருந்தது. ரதீஸ் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே வந்தான். "செய்யிறம்" என்றான்.

தன் தாயையும் தகப்பனையும் கொண்டுபோன கடலில் கேதீஸ்வரி இடுப்பளவுக்கு இறங்கி மண்ணைக் கரைத்தாள். கரையேறியபோது யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிழைத்துவிட்ட சிரிப்பு அது. நடுவே அந்த இடைவெளி. கேதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரச் சேலையோடு பிள்ளையைத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில், வினோஜாவோடு காத்திருந்த அதே வாங்கு. பிள்ளையை உடனேயே உள்ளே எடுத்தார்கள். அன்றே இரத்தம் ஏறியது. அங்கிருந்த பழைய நேர்ஸ் கேதீஸ்வரியை அடையாளம் கண்டுகொண்டார். யசோதினியிடம் இரத்தம் எடுத்தபின் "அடுத்தவர்" என்றார்.

ரதீஸ் தானாகவே முன்னால் வந்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, வயல் வேலையில் கறுத்த கையை மேசையில் நீட்டினான். இன்னும் எடுக்கட்டும் என்பது போல முழுக் கையையும் நீட்டினான். நேர்ஸ் ஒரு சின்னக் குழாயை நிரப்பி எடுத்துக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவன் அந்தக் குழாயைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?" என்று கேதீஸ்வரியிடம் கேட்டான்.

"ஓம் மச்சான்" என்றாள். "அண்டைக்கும் இவ்வளவுதான் கேட்டவங்க."