மூச்சுப் பெட்டி

"ஆடி முடிஞ்சிருச்சுல்லக்கா?"

"முடிஞ்சா என்னடி? ஆவணியில நல்ல நாள் பாத்து வருவாக."

"ஆவணியே பாதி போயிருச்சு."

ஆனையூர் வீட்டு அடுப்படியில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே முனீஸ்வரி கேட்டாள். கீரையிடம் கேட்பது போலத்தான் இருந்தது. அக்கா ஜெயக்கொடி பருப்பை உலையில் போட்டாள். புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டில் கொண்டு வந்து விடுவது வழக்கம். ஆடி கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போவதும் வழக்கம். உசிலம்பட்டிக்காரர்கள் முதல் வழக்கத்தை மட்டும் செய்தார்கள்.

மாப்பிள்ளை பாண்டியராஜன் தினமும் போன் பண்ணத்தான் செய்தான். "அம்மா மனசு இன்னும் ஆறல முனீசு, கொஞ்சம் பொறு" என்பான். அம்மா மனசு ஆறாததற்குக் காரணம் ஒரு விளக்கு.

நம் பக்கத்தில் விளக்கை 'அணை' என்று வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். குளிர வை என்பார்கள். முனீஸ்வரி கழுத்தில் தாலி ஏறிய அந்த நேரத்தில், யாரும் குளிர வைக்காமலே மணவறை விளக்கு குளிர்ந்துபோனது. ஏற்றுவதற்குள் மண்டபம் முழுக்கப் பார்த்துவிட்டது. அடுத்த மாதம் மாமனார் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அதற்கடுத்து சினைப்பசு ஒன்று ஈன முடியாமல் செத்தது. மாமியார் தங்கப்பொண்ணு இரண்டையும் கொண்டுபோய் அந்த விளக்கோடு முடிச்சுப் போட்டாள்.

அந்த விளக்கு ஏன் குளிர்ந்தது என்று முதலில் தெரிந்தது ஒருத்திக்குத்தான். அவள் இப்போது கீரைக்குப் பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயக்கொடிக்கு வேலை, பெரிய கட்டடங்களுக்குக் குறைந்த கரண்டில் ஏசி அமைத்துக் கொடுப்பது. ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, மண்டபம் என்று எதையும் விடமாட்டாள். ஆள் இல்லாத கூடம் சில்லென்று கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. "குழாயத் தொறந்து விட்டுட்டு ஊருக்குப் போன மாதிரி இருக்கு" என்று சத்தம் போடுவாள். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கச்சியை வளர்த்தவளும் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைக்க நேரமில்லாமலே போய்விட்டது.

வில்லாபுரத்தில் மலையாண்டி அண்ணனுக்குக் கல்யாண மண்டபம் இருந்தது. முனீஸ்வரி கல்யாணத்துக்கு முன்னால் அவர்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒத்தக் கெழவி ஒக்காந்து வெத்தல போட்டாலும் ஊரே வந்த மாதிரி ஓடுது தாயி இந்த மிஷின். என்னமாச்சும் பண்ணு."

"இனிமே மூச்ச எண்ணித்தான்ணே ஓடும்."

"மூச்சையா?"

"ஆமாண்ணே. ஆளு கூடக்கூட விட்ட மூச்சு கூடத்துல தேங்கும்ல. அத மோந்து பாக்க ஒரு பெட்டி இருக்கு. மூச்சு தேங்குனா காத்தாடி வேகமாச் சுத்தி வெளிக்காத்த உள்ள இழுக்கும். ஆளு கலைஞ்சா தானா மெதுவாயிரும். அம்புட்டுத்தான்."

அப்படித்தான் அந்த வெள்ளைப் பெட்டி மணவறைக்குப் பக்கத்துச் சுவரில் ஏறியது. மொட்டைமாடி அறையில் பெரிய காற்றாடி உட்கார்ந்தது. மண்டபத்துக்குள் எவ்வளவு மூச்சு நிற்கிறது என்பது ஜெயக்கொடியின் போனிலும் எண்ணாகத் தெரியும்.

மண்டபத்தைப் பார்க்க வந்த முனீஸ்வரி பெட்டியிடம் முகத்தைக் கொண்டுபோய் 'ஹா... ஹா...' என்று ஊதினாள். கொஞ்ச நேரத்தில் மேலே காற்றாடி உறுமியது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, நீ எந்த ஊர்ல இருந்தாலும் இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். நகரு, பெட்டி கெட்டுப்போகும்."

"அப்ப நான் ஊதுனா நீ போன எடுக்கணும்."

"ஊதுடி ஊதுடி, கட்டிக் குடுத்துட்டாப் போதும்னு இருக்கு எனக்கு."

புது ஏசியில் முதல் கல்யாணமே முனீஸ்வரியுடையதாக இருக்கட்டும் என்று மலையாண்டி சொன்னார். முந்தின நாள் ஜெயக்கொடி மணவறையில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்து நின்று பார்த்தாள். சுடர் நட்டுக்கொண்டு எரிந்தது. திருப்தியாகத் திரியைக் குளிர வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெறும் மண்டபத்தில் பார்த்தாள், அதுதான் தப்பு. கெட்டிமேளம் என்றால் எவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் நம் ஊரில்? அட்சதையைக் கையில் பொத்திக்கொண்டு சனம் மொத்தமும் முன்கூட்டியே மணவறையைச் சுற்றி அப்பிக்கொண்டது. அத்தனை மூச்சும் அந்தப் பெட்டிக்கு நேராக. பெட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. காற்றாடி முழு வேகம் எடுத்தது. விளக்குக்கு நேர் மேலே இருந்த திறப்பிலிருந்து காற்று இறங்கியது.

"என் வேல புத்தியில, சனம் எந்திரிக்கும்னு நெனைக்காமப் போயிட்டேன்டி" என்று அன்று ராத்திரியே தங்கச்சியிடம் சொல்லி அழுதாள். முனீஸ்வரி, "விடுக்கா, காத்துதான" என்றாள். அப்போது அது காற்றாக மட்டும்தான் இருந்தது.

கீரை வெந்து இறக்கிய கையோடு ஜெயக்கொடி உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

தங்கப்பொண்ணு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"அத்தை, நான் ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு தடவ மண்டபத்துக்கு வந்து கண்ணால பாருங்க. அன்னைக்கி என்ன நடந்துச்சோ அத அப்படியே காட்டுறேன். எந்தங்கச்சி மேல குத்தமில்லன்னு தெரிஞ்சா கூட்டிட்டுப் போங்க."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஒங்க இஷ்டம்."

அவள் வருவாள் என்று பாண்டியராஜனே நினைக்கவில்லை. வந்தாள். மகன் கார் ஓட்ட, பின்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து வந்தாள். மண்டபத்தில் அவர்கள் இருவரும், அக்காவும் தங்கச்சியும், மலையாண்டியும்தான்.

ஜெயக்கொடி அதே விளக்கை அதே இடத்தில் ஏற்றினாள்.

"ஆடுதா அத்தை?"

"ஆடல."

"இப்பப் பாருங்க."

பெட்டிக்கு முன்னால் போய் நின்று அடிவயிற்றிலிருந்து மூச்சை விட்டாள். திரும்பத் திரும்ப விட்டாள். தலை சுற்றியது, நிறுத்தவில்லை. மேலே காற்றாடி உறுமத் தொடங்கியது. சுடர் ஒருபக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பிறகு புகை மட்டும் நின்றது.

"இன்னொருக்க ஏத்து" என்றாள் தங்கப்பொண்ணு.

காற்றாடி அடங்கும்வரை பொறுத்து மறுபடி ஏற்றினாள். மறுபடி ஊதினாள். மறுபடி குளிர்ந்தது.

பாண்டியராஜன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாம்மா? மதினி அப்பவே சொன்னாக. எல்லாம் மிஷினு!"

"மிஷின் எங்கடா ஊதுச்சு? அது செவனேன்னு கெடந்துச்சு. இவ மூச்சு விட்டா, குளுந்துருச்சு. ரெண்டுவாட்டியும் இவ மூச்சுதான்." தங்கப்பொண்ணு மெதுவாகத் திரும்பினாள். "ஊரையே குளுர வைக்கிறது ஒந் தொழிலு. எம்மகன் கல்யாண வெளக்கையுமா ஆத்தா குளுர வைப்ப?"

"இல்ல அத்தை, யாரு மூச்சு விட்டாலும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

யார் மூச்சு விட்டாலும் என்று சொன்னால், சரி உன் தங்கச்சி ஊதட்டும் பார்ப்போம் என்பாள் இந்தம்மா. முனீஸ்வரி ஊதுவாள். விளக்கு குளிரும். அப்புறம் அது முனீஸ்வரி மூச்சாகிவிடும். இதற்கு மேல் நிரூபிக்க நிரூபிக்கத் தங்கச்சியைத்தான் கெடுக்கும்.

முனீஸ்வரி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் அந்த முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம், தன் மேல் குற்றமில்லை என்று ஆன வெளிச்சம், அப்போதுதான் வந்திருந்தது.

"ஆமா அத்தை" என்றாள் ஜெயக்கொடி. "எம் மூச்சுதான்."

மலையாண்டி வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அப்பச் சரி. எம் மருமக மேல குத்தமில்ல, கெளம்பச் சொல்லு. ஆனா நீ எங்க நல்லது பொல்லதுக்கு வரக் கூடாது. இவளும் ஒன் வாசப்படி மிதிக்கக் கூடாது, போன்லயும் பேச்சு வேணாம். ஒம் மூச்சு எங்க வெளக்குப் பக்கமே படக் கூடாது. இந்தத் திரியத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

"அம்மா, இது ரொம்ப..." என்றான் பாண்டியராஜன்.

"நீ சும்மா கெட."

ஜெயக்கொடி சூடு ஆறாத திரியைத் தொட்டாள்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு முனீஸ்வரி நின்றாள். "அக்கா, நீ ஏன்..."

"ஏறுடி. மாப்ள நிக்கிறாரு."

"வாரேன்க்கா."

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணு குரல் வந்தது. "என்னா வாரே? எங்க வாரே? போறேன்னு சொல்லிட்டு ஏறு."

வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் போறேன் என்று சொல்ல மாட்டாள். சாவு வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள். அங்கேகூட அந்தச் சொல் வராது. முனீஸ்வரியின் உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

"போறேன்க்கா."

அதன்பிறகு ஆனையூர் வீட்டில் முருங்கைக்கீரை ஆய ஆளில்லை. ஜெயக்கொடி மண்டபத்துத் திறப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். இனி எத்தனை சனம் வந்தாலும் அந்தக் காற்று எந்த விளக்கையும் தொடாது. ஒரு மதியத்து வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாளே செய்திருக்கக்கூடிய வேலை.

வருஷம் திரும்பியது. மலையாண்டி போன் பண்ணினார்.

"அந்தத் தங்கப்பொண்ணு வந்து மண்டபம் கேட்டுச்சு தாயி. மருமகளுக்கு வளைகாப்பாம். குளுந்த எடத்துலயே வெளக்கு எரியணும்னு வேண்டிக்கிருச்சாம். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மூணுவாட்டி சொல்லுச்சு. அதான் சொல்றேன்."

வளைகாப்பு அன்று ஜெயக்கொடி பின்பக்க இரும்புப்படி வழியே மொட்டைமாடிக்கு ஏறினாள். வெயில் கொப்பளித்தது. காற்றாடி அறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

மலையாண்டி மூச்சு வாங்க மேலே வந்தார். "அதான் எல்லாஞ் சரி பண்ணியாச்சே. இங்க எதுக்கு வேகுற? தூணுக்குப் பின்னால வந்து நில்லு, யாருக்குத் தெரியும்?"

"சத்தியம் பண்ணிருக்கேண்ணே."

"அப்ப இங்க நின்னு என்னத்தப் பாக்கப் போற?"

போனைக் காட்டினாள். எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. "சனம் வருதுண்ணே." இன்னும் ஏறியது. "ஒக்கார வச்சுட்டாக." பிறகு விறுவிறுவென்று ஏறியது. காற்றாடி உறுமியது. "வளையல் போடுறாக. எல்லாரும் முன்னால போயிட்டாக." கீழே கை காட்டினாள். "வெளக்கு எப்படி எரியுதுன்னு பாத்துட்டு வாங்கண்ணே."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நட்டுக்கிட்டு எரியுது. ஒரு துளி ஆட்டமில்ல."

"முனீசு?"

"கை நெறைய வளையலு. மொகந்தான் வாசலையே பாத்துக்கிட்டிருக்கு."

"பிரசவத்துக்கு எங்க கூட்டிட்டுப் போறாகளாம்?"

மலையாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மாப்ளயோட சித்தி வீட்டுக்குன்னு பேசிக்கிட்டாக."

அவள் மறுபடி போனைப் பார்த்தாள்.

பந்தி முடிந்தது. எண் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. காற்றாடி அடங்கி, அடங்கி, முனகலாக ஆனது. ஜெயக்கொடி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அப்போது எண் துள்ளியது.

நின்று பார்த்தாள். இன்னும் ஏறியது. காற்றாடி வேகம் எடுத்தது.

மலையாண்டி மாடிக் கைப்பிடிக் கம்பிக்கு மேல் எக்கிக் கீழே பார்த்தார். "என்ன தாயி, கெட்டுப்போச்சா? எல்லாரும் வாசல்ல நிக்கிறாக. மண்டபத்துல ஒரு ஆளு இல்லையே!"

"இருக்குண்ணே" என்றாள். "ஒரு ஆளு இருக்கு."

காற்றாடியின் தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அது நடுங்கியது. கொஞ்சம் தணிந்தது, பெட்டிக்கு முன்னால் நிற்பவளுக்கு மூச்சு வாங்கியிருக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரி. மறுபடி ஏறியது. ஜெயக்கொடி நெற்றியையும் அந்தத் தகரத்தில் வைத்துக்கொண்டாள். "போதும்டி" என்றாள் அந்தத் தகரத்திடம். "தலை சுத்தும். போதும்."

கீழே தங்கப்பொண்ணு குரல் கேட்டது. "ஏ முனீசு! செவத்துக்கிட்ட என்ன பண்றவ? வண்டி நிக்குது."

எண் நின்றது. வளையல்கள் மொத்தமாக ஒருதரம் குலுங்கியது போலிருந்தது. அவ்வளவு உயரத்துக்கு அது கேட்டிருக்காது. கார்க் கதவு சாத்தும் சத்தம் மட்டும் நிச்சயமாகக் கேட்டது. பிறகு வில்லாபுரம் ரோட்டின் இரைச்சலில் அந்தக் காரும் ஒன்றாகிப்போனது.

எண் ஒவ்வொன்றாக இறங்கியது. வெறும் மண்டபத்தின் எண் வரைக்கும் வந்துவிட்டது.

மலையாண்டி சுவிட்சுப் பக்கம் போனார். "நிப்பாட்டிரவா தாயி? வீணா ஓடுது. நீதான் வைவியே."

ஜெயக்கொடி தகரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்ணே."